காருக்குள் காயவைத்த ஸ்கேட்டிங் ஷூ

போன அக்டோபரில், அஜ்மானில் நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தின் கார் பார்க்கிங்கில் தொடங்கியது அந்த வம்பு.

என் மகள் துபாயில் கல்லூரி முதலாம் ஆண்டு. பாலைவனத்தில் பிறந்து வளர்ந்தவள், சேர்ந்ததோ பெண்கள் ஐஸ் ஹாக்கி அணியில்! அதிலும் கோல்கீப்பர். வாரம் மூன்று நாள், ஆபீஸ் முடிந்த களைப்போடு அந்த டிராஃபிக்கில் அவளை ஏற்றிப்போவேன். வெளியே சாயங்காலத்திலும் அனல் அடிக்கும். ஐஸ் அரங்கின் உள்ளே நான் ஸ்வெட்டருக்குள் நடுங்கிக்கொண்டிருப்பேன். அணி ஒழுங்காக ஆடினாலாவது பரவாயில்லை. சீசன் தொடங்கி மூன்று ஆட்டம், மூன்றும் தோல்வி. சீனியர்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

நொந்துபோன கோச், நாலாவது ஆட்டத்தில் புதுப் பெண்களை இறக்குவதாகச் சொன்னார். ஒரு பிலிப்பைன்ஸ் பெண், இந்த நாட்டுக்காரியான ஒரு எமிராத்திப் பெண், கோலில் என் மகள். அவளுக்கு அதுதான் முதல் ஆட்டம். வீட்டில் அவள் கால் தரையில் நிற்கவில்லை.

எனக்கோ அவள் பையின் நாற்றம்தான் பெரிய கவலை. வியர்வையில் ஊறிய ஷூவைப் பால்கனியில் வைத்தால், வாட்ச்மேன் கீழிருந்தே "மேடம், பால்கனி மாஃபி!" என்று, அங்கே எதுவும் வைக்கக்கூடாதென அரைகுறை அரபியில் கத்துவார். அதனால் ஆட்டத்துக்கு முந்தின நாள் முழுக்க, வெயிலில் நின்ற காரின் முன்கண்ணாடி ஓரம் வைத்துவிட்டேன். மோர்மிளகாய், வற்றல் எல்லாம் எனக்கு அங்கேதான் காயும். ஷூ மட்டும் காயாதா என்ன?

நன்றாகவே காய்ந்தது. மறுநாள் அதை மாட்டிக்கொண்டு அவள் எழுந்ததும், அடிப்பாகம் வாயைப் பிளந்தது. சூட்டில் பசை இளகிவிட்டிருந்தது. கோல்கீப்பர் ஷூ தனி ரகம். அணியில் இருந்த இன்னொரு ஜோடி அவள் காலுக்குள் நுழையவே இல்லை.

கோச் அவளைக் காய்ச்சி எடுத்துவிட்டார். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு அவரிடம் ஆங்கிலத்தில், தான்தான் காரில் மறந்து வைத்துவிட்டதாகச் சொன்னாள். நான் இரண்டடி தள்ளித்தான் நின்றேன். பார்க்கிங் தகராறில் தெருவையே கூட்டுகிற நான், அன்று வாயைத் திறக்கவில்லை.

மற்ற இரண்டு புதுப் பெண்களும் ஆளுக்கொரு கோல் போட்டார்கள். பழைய கோல்கீப்பர் மூன்று கோலை விட்டாள்; அதுவும் தோல்வி. என் மகள் சாக்ஸ் காலோடு பெஞ்சில் நின்று, கடைசிவரை தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தாள்.

திரும்பும் வழியில், வெட்கம்கெட்டுப்போய் அவள் மேலேயே பாய்ந்தேன்.

"ஏன்டீ பொய் சொன்னே?"

"உம்மா, நீங்கன்னு சொன்னா கோச் இனிமே உங்களை உள்ளே விடமாட்டார். அப்புறம் என் ஃபர்ஸ்ட் மேட்ச்சை யாரு பார்ப்பா?"

அடுத்த பயிற்சியன்று முதல் வேலையாகக் கோச்சிடம் உண்மையைச் சொன்னேன். அவர் என்னை விரட்டவில்லை. ஆனால் போன ஆட்டம் திரும்பவா வரும்? இப்போதும் காரில் மோர்மிளகாய் காய்கிறது. அதை எடுக்கப் போகும்போதெல்லாம், பேசவேண்டிய ஒரே நிமிடத்தில் நான் ஊமையாக நின்றதும் என் பழியை அவள் ஏற்றுக்கொண்டதும் ஞாபகம் வந்து, எனக்கு என் மேலேயே எரிச்சலாக வருகிறது.