கயிறு எட்டிய வரை

லிஃப்ட் மெக்கானிக்காக வேலை பார்த்த அவளுக்குக் கால் ஓரிடத்தில் தரிக்காது. லீவு கிடைத்தால் போதும், பையை மாட்டிக்கொண்டு மலைக்குக் கிளம்பிவிடுவாள். "கால்ல சக்கரத்தக் கட்டிட்டுப் பொறந்தவ" என்று புருஷன் அலுத்துக்கொள்வான். துணைக்குப் போவது அவன் தம்பி. மருந்துக்கடைக்காரன், வாய்த்துடுக்கு கொஞ்சம் அதிகம்.

அன்று உச்சி கண்ணெதிரே தெரிந்தது. இருவர் இடுப்பும் ஒரே கயிற்றில். திடீரென்று மேகம் திரண்டு இறங்கத் தொடங்கியது. அவள் கயிற்றை இழுத்து அவனை நிறுத்தினாள்.

"திரும்பிடலாம்டா."

"இவ்ளோ தூரம் வந்துட்டா? பயமா அண்ணி?"

"ஆமா, பயந்தான். வா."

அவன் சிரித்தான். இடுப்புக் கயிற்றை அவிழ்த்துப் போட்டான். "நீங்க இங்கயே இருங்க. தொட்டுட்டு ஓடி வந்துடறேன்." அவள் கத்தக் கத்த ஏறிப் போய்விட்டான்.

மேகம் மூடிக்கொண்டது. தன் கையே தனக்குத் தெரியவில்லை. உட்கார்ந்தாள், எழுந்தாள், நகத்தைக் கடித்தாள். மேலே எங்கோ கற்கள் சரிந்தன. கூடவே ஓர் அலறல்.

ஓடத் துடித்த காலை அடக்கிக்கொண்டாள். கயிற்றின் ஒரு முனையைப் பாறையில் இறுக்கிக் கட்டி, இழுத்துப் பார்த்தாள். மறுமுனை தன் இடுப்பில். பிறகுதான் கூப்பிட்டபடியே தவழ்ந்து ஏறினாள். கயிறு விறைத்து நின்ற இடத்தில் அவன் முனகல் கேட்டது. எட்டிக் கை நீட்டினாள். சட்டைக் காலர் சிக்கியது. முழங்கால் பிசகிக் கிடந்தவனைத் தோளில் சாய்த்து, கயிற்றைப் பிடித்துப் பிடித்தே இறக்கிக் கொண்டுவந்தாள்.

வீட்டில் மாமியாரிடம் இருவருக்கும் செம டோஸ். அது அவளுக்கு உறைக்கவில்லை. லிஃப்ட் மேல் நின்று எண்ணெய் போடும்போதெல்லாம் வேறொன்று குடைந்தது. கடைசியில் அதை அவனே, கட்டுப் போட்ட காலோடு, கேட்டுவிட்டான்.

"கயிறு எட்டாமப் போயிருந்தா அவுத்துட்டு வந்திருப்பீங்களா அண்ணி?"

"தெரியலடா," என்றாள். பொய் சொல்ல வாய் வரவில்லை.

அவன் கால் தேறியபின் ஒருமுறை மலையேறி, பாதியில் திரும்பினார்கள். அப்போது திரும்பலாம் என்றவன் அவன். அடுத்த முறை உச்சி கிடைத்தது. அவன் ஆனந்தத்தில் கூச்சல் போட்டான். அவளோ மேகம் திரள்கிறதா என்று சுற்றிச் சுற்றி வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.