இரண்டு கைப்பிடி

வீரய்யாவை ஒரே வார்த்தையில் சொல்லச் சொன்னால் வீம்புக்காரன் என்பேன். அவன் முகத்துக்கு நேராகவே அதைச் சொல்லியிருக்கிறேன். நோர்வூட் பக்கத்தில் எங்கள் தோட்டத்துத் தேயிலை அரைக்கும் ஸ்டோரில், கொழுந்து காயவைக்கும் அடுப்புக்கு விறகு தள்ளுவது என் வேலை. அந்த விறகைப் பிளந்து தருவது அவனும், அவன் பெண்சாதியின் அண்ணன் மாயாண்டியும்.

மாயாண்டி ஆப்பைப் பிடிப்பான், வீரய்யா சம்மட்டியால் அடிப்பான். சவுக்குக் கட்டையில் ஆப்பு ஊன்றியதும் மாயாண்டி, "கை எடுத்தாச்சு" என்பான். அது காதில் விழாமல் வீரய்யாவின் சம்மட்டி இறங்கியதே இல்லை. மாயாண்டிக்கு மலையில் உருண்டு விழுந்ததில் ஒரு கால் விளங்காமல் போயிருந்தது. செடி கழிக்கும் கவ்வாத்துக்கோ, மழைத்தண்ணீர் ஓடக் கான் வெட்டுவதற்கோ அவனால் மலை ஏற முடியாது. ஸ்டோர் வேலையும் போனால் நாள் சம்பளத்துக்கு அவனுக்குப் பேர் விழாது. பேர் விழாதவனுக்குத் தோட்டத்தில் அடுப்பு எரியாது.

அறுபத்திரண்டில் கரண்டில் ஓடும் விறகு பிளக்கும் மெஷின் வந்து இறங்கியது. மோட்டாரைப் போட்டு, இரண்டு கைப்பிடிகளையும் சேர்த்து அழுத்தினால் இரும்பு அலகு கட்டைக்குள் இறங்கும். ஒன்றை விட்டாலும் அப்படியே நின்றுவிடும். ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயா ஓட்டிக் காட்டினார்.

"ஒரே ஆள்தான் நிக்கணும். பக்கத்துல வேற யாரும் வரக்கூடாது. யாருன்னு மாசக் கடைசியில சொல்றேன்."

வீரய்யாதான் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். அவர் தலை மறைந்ததும் அவன் மாயாண்டியிடம், "கைப்பிடி ரெண்டு இருக்குல்ல மச்சான். ஆளுக்கு ஒண்ணு புடிப்போம். ரெண்டு பேரு இல்லாம ஓடாதுன்னு காட்டிப்புடலாம்" என்றான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அட கிறுக்குப் பயலுகளா, ரெண்டு கையும் கட்டப் பக்கம் போகக்கூடாதுன்னுதான்டா கைப்பிடிய ரெண்டா வச்சிருக்கான்" என்று கத்தினேன்.

"நீங்க ஒங்க அடுப்பப் பாருங்கண்ணே" என்றான் வீரய்யா.

ஆளுக்கு ஒரு கை கைப்பிடியில். மிச்சக் கை சும்மா இருக்குமா? பழக்கதோஷத்தில் மாயாண்டியின் இடக்கை கட்டையைப் பிடித்துக்கொள்ளும். வலக்கையால் தன் கைப்பிடியை அழுத்தியபடியே இருப்பான். அலகு எப்போது இறங்குவது என்பது வீரய்யாவின் பாடு. "கை எடுத்தாச்சு" என்று மாயாண்டி சொல்வது மோட்டார் இரைச்சலில் யாருக்கும் கேட்காது. அவன் வாயைப் பார்த்துப் பார்த்துத்தான் வீரய்யா அழுத்தினான்.

ஒரு மழை நாளில் ஈரக்கட்டை புரண்டது. எடுத்த கையை மாயாண்டி மறுபடியும் கொண்டுபோனான். அந்த நேரம் பார்த்து வீரய்யா கண்ணில் விழுந்த தூசியைத் துடைத்துக்கொண்டே அழுத்திவிட்டான். நான் போட்ட சத்தம் எனக்கே கேட்கவில்லை. கண்ணைத் திறந்தவன் கைப்பிடியை உதறிவிட்டான். அலகு மாயாண்டியின் சட்டைக் கையைக் கட்டையோடு சேர்த்துக் குத்தியபடி நின்றது.

"ஒண்ணுமில்ல மச்சான், சட்டதான்" என்று மாயாண்டி சிரிக்கப் பார்த்தான்.

வீரய்யா மோட்டாரை நிறுத்தினான். சட்டையை விடுவித்து, மாயாண்டியின் கையை எடுத்து விரல் விரலாகத் தொட்டுப் பார்த்தான்.

அன்றைக்கே டீமேக்கர் ஐயாவின் முன்னால் போய் நின்றான். "ஒரு ஆளு போதுங்கய்யா. எனக்கு இந்த மெசின் ஒத்துவரல. நின்ன எடத்துல பாக்குற வேலைதானே, மச்சானப் போடுங்க. நான் மலைக்குப் போறேன்."

திரும்பி வந்தவனை நான் விடவில்லை. "காஞ்ச எடத்த விட்டுட்டு, கம்பளியப் போத்திக்கிட்டு மழையில கான் வெட்டப் போறியாக்கும்?"

"மச்சானால மல ஏற முடியாதுண்ணே. என்னால முடியும்" என்றான். வீம்புக்காரனிடம் அதற்கு மேல் என்ன பேசுவது?

இப்போது மாயாண்டி தனியாக நிற்கிறான். கட்டையை வைத்துவிட்டு, இரண்டு கைகளாலும் இரண்டு கைப்பிடிகளையும் பிடிக்கிறான். அழுத்துவதற்கு முன்னால் ஒவ்வொரு முறையும் அவன் வாய் அசைகிறது. என்ன சொல்கிறான் என்று எனக்குத் தெரியும். அதைக் கேட்க வேண்டியவன் மேலே மழையில் மண்வெட்டியோடு நிற்கிறான்.