பொட்டை அழிக்கச் சொன்ன படக்காரர்

எழுபதுகளின் பிற்பகுதி. இலங்கையில் கலவரம் மூண்டு, தமிழர்களின் கடைகளையும் வீடுகளையும் தேடித் தேடி எரித்த வருடம். அப்போது நான் தூத்துக்குடியில் ஒரு பெண்கள் பள்ளியில் ஆங்கில ஆசிரியை. சொந்த ஊர் நாசரேத். கல்யாணம் ஆகவில்லை, பள்ளி விடுதியிலேயே தங்கியிருந்தேன். உனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று தலைமையாசிரியை அடிக்கடி சொல்வார். அதை நான் ஒரு குறையாக எடுத்துக்கொண்டதே இல்லை.

கொழும்புக்கும் தூத்துக்குடிக்கும் சரக்குத் தோணிகள் போய்வரும். அந்த வருடம் சரக்கோடு மனிதர்களும் வந்து இறங்கினார்கள். அவர்களில் சில குடும்பங்களைக் கடற்கரைப் பக்கம் பனந்தும்பு மூட்டைகளைப் போட்டு வைக்கும் பழைய கிடங்கு ஒன்றில், எங்கள் பேச்சில் கிட்டங்கியில், தங்கவைத்திருந்தார்கள். கூரையில் பாதி இடத்தில் ஓடு கிடையாது. படுத்தால் வானம் தெரியும். வெயில் காலத்தில் பரவாயில்லை, ஐப்பசி பிறந்துவிட்டால் என்ன செய்வது என்பதுதான் அங்கே எல்லோருக்கும் ஒரே கவலை.

வெளிநாட்டுத் தொண்டு நிறுவனம் ஒன்றிலிருந்து சில இளைஞர்கள் வந்து அங்கே வேலை செய்தார்கள். அவர்களில் ஒரு நர்ஸ் பெண் இருந்தாள். வெயிலில் முகமெல்லாம் தோல் உரிந்துபோய், கையாலேயே சோறு தின்று, பிள்ளைகளின் சிரங்குக்கு மருந்து போட்டுக்கொண்டு திரிவாள். நல்ல பெண். அந்தத் தொண்டர்களைப் பற்றி ஒரு டாக்குமெண்டரி எடுக்க அவர்கள் நாட்டிலிருந்து டைரக்டர் ஒருவர், கேமராக்காரரோடும் ஒலிப்பதிவுக்காரரோடும் வந்து சேர்ந்தார். படத்தை அங்கே போட்டுக் காட்டினால் ஜனங்கள் உதவுவார்கள், மழைக்கு முன்னால் கூரை போட்டுவிடலாம் என்றார்கள். பேச்சை மொழிபெயர்க்க ஆள் வேண்டும் என்று பள்ளிக்குச் சொல்லியனுப்ப, தலைமையாசிரியை என்னைத் தள்ளிவிட்டார். வாய் நீளம் அல்லவா?

படம் எடுப்பதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. உண்மைப் படம் என்றார்களே தவிர, எல்லாவற்றையும் இரண்டு முறை, மூன்று முறை செய்யச் சொன்னார்கள். நர்ஸ் ஒரு குழந்தைக்குப் பால் கொடுப்பதை மூன்று தடவை எடுத்தார்கள். மூன்று தம்ளர் பாலும் வயிற்றுக்குள் போனதில் அந்தக் குழந்தை ஒருத்திக்குத்தான் அன்றைக்கு நிஜமான லாபம். நானும் சிரித்துக்கொண்டேதான் வேலை செய்தேன், அந்த அக்காவின் முறை வரும்வரை.

அந்த அக்காவுக்கு முப்பது வயதிருக்கும். கண்டிப் பக்கத்து மலைநாட்டில் பிறந்தவர். கணவர் கொழும்பில் ஒரு ஜவுளிக்கடையில் சேல்ஸ்மேன். கலவரத்தன்று மனைவியையும் இரண்டு பெண் பிள்ளைகளையும் ஒரு லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டு, கடைக்குள் மாட்டிக்கொண்டவர்களைக் கூட்டிவருகிறேன் என்று திரும்பிப் போனவர்தான். இருக்கிறாரா, இல்லையா, யாருக்கும் தெரியாது. ஆனால் அந்த அக்கா தினமும் காலையில் குளித்து, தலை வாரி, குங்குமம் வைத்துக்கொள்வார். வாசலில் பூ விற்கிற அம்மா கொஞ்சம் பிச்சிப்பூ சும்மா கொடுத்துவிட்டுப் போவார், அதையும் வைத்துக்கொள்வார். அதைப் பார்த்து முகம் சுளித்தவர்களும் கிட்டங்கிக்குள் இருந்தார்கள்.

விளக்குகளைப் போட்டு, ஒரு சாக்கு மூட்டையின் மேல் அக்காவை உட்காரவைத்தார்கள். டைரக்டர் கேமரா வழியாகப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். என்னிடம் வந்து, பூவும் அந்தச் சிவப்புப் பொட்டும் கல்யாண வீட்டுக்கு வந்தவர் மாதிரிக் காட்டுகின்றன, பார்க்கிறவர்களுக்கு இரக்கம் வராது, இரண்டையும் எடுத்துவிடச் சொல்லுங்கள் என்றார். தண்ணீர் கொண்டுவரச் சொல்லுங்கள் என்பது போலச் சாதாரணமாகச் சொன்னார்.

அவருக்குத் தெரியாதுதான். தெரியாதவருக்குச் சொல்லிக் கொடுப்பது என் தொழில், அதனால் பொறுமையாகவே சொன்னேன். எங்கள் ஊரில் ஒரு பெண்ணின் பூவையும் பொட்டையும் எடுப்பது புருஷன் செத்த பிறகு செய்கிற சடங்கு, இந்தப் பெண்ணின் புருஷனை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்றேன். அவர் கவனமாகக் கேட்டார், தலையைத் தலையை ஆட்டினார். பிறகு, "புரிகிறது. ஆனால் பத்து நிமிடம்தானே? அப்புறம் திரும்ப வைத்துக்கொள்ளட்டும்" என்றார்.

எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது. இத்தனைக்கும் எங்கள் வீட்டில் பொட்டும் கிடையாது, பூவும் கிடையாது. நாசரேத்தில் கிறிஸ்தவ சபை ஒழுங்கோடு வளர்ந்தவள் நான். சின்ன வயதில் விளையாட்டுக்கு ஒரு சாந்துப்பொட்டு வைத்ததற்கு அப்பாவிடம் அடி வாங்கியவள். அப்படிப்பட்ட நான், அந்தக் குங்குமத்துக்காக முறைத்துக்கொண்டு நின்றேன். என் வாயால் அதைத் தமிழில் சொல்ல மாட்டேன், வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

கிட்டங்கியைப் பார்த்துக்கொண்ட அண்ணாச்சி என்னைத் தனியே கூப்பிட்டார். கெட்டவர் இல்லை. அந்தக் குடும்பங்களுக்காக வீடு வீடாகப் போய் அரிசி வாங்கி வந்தவர்.

"டீச்சர், வீம்பு பிடிக்காதீங்க. நாளைக்கு மழை வந்தா இந்தப் பிள்ளைகள எங்கன கொண்டு போயி வைக்க? அவன் கோவிச்சிட்டுப் போனாம்னா கூரையும் போச்சி. நீங்க சொன்னா அவ கேப்பா."

அவர் சொன்னதில் தப்பில்லை என்பதுதான் எனக்கு வேதனையாக இருந்தது. அண்ணாந்து பார்த்தேன். ஓடு இல்லாத இடம் பெரிதாகத்தான் தெரிந்தது. இருந்தாலும் என்னால் முடியாது என்றேன். அவரே போய் அக்காவிடம் பக்குவமாக எடுத்துச் சொன்னார். பத்து நிமிடம், பிள்ளைகள், மழை, எல்லாவற்றையும் சொன்னார்.

அக்கா எழுந்து தண்ணீர் டிரம்மிடம் போனார். இரண்டு கையாலும் அள்ளி முகத்தைக் கழுவினார். குங்குமம் கரைந்து மூக்கின் வழியே வழிந்தது. டைரக்டர் முகத்தில் திருப்தி. நர்ஸ் பெண் தரையைப் பார்த்தாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு தன் துணி மூட்டையைத் திறந்தார். குங்குமச் சிமிழை எடுத்தார். விரலைத் தோய்த்து, நாலணாக் காசு அகலத்துக்கு ஒரு பொட்டு வைத்தார். முன்னால் வைத்திருந்ததைப் போல இரண்டு மடங்கு. பூவை நேராக்கிக்கொண்டார். வந்து அதே மூட்டையில் உட்கார்ந்தார்.

"இப்ப எடுக்கச் சொல்லுங்க டீச்சர்."

நான் மொழிபெயர்த்தேன். அதைச் சொல்ல எனக்கு ஒரு தயக்கமும் இல்லை. டைரக்டர் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, எடுக்கச் சொன்னார்.

அக்கா கேமராவை நேராகப் பார்த்து முதலில் கணவர் பெயரைச் சொன்னார். கிட்டங்கிக்குள் ஒரு சலசலப்பு எழுந்தது. புருஷன் பேரைப் பெண்கள் வாயால் சொல்லாத காலம் அது. அந்த அக்காவும் அதுவரை ஒரு நாளும் சொன்னதில்லை. பொட்டை விட்டுக்கொடுக்காதவர், பெயரை மட்டும் சத்தமாக, இரண்டு முறை சொன்னார். எதைக் காப்பாற்ற வேண்டும், எதை உடைக்க வேண்டும் என்பதை அவரே முடிவு செய்துகொண்டார். கடை இருந்த தெரு, இடது புருவத்தில் இருக்கும் தழும்பு, அன்று போட்டிருந்த சட்டையின் நிறம், எல்லாம் சொல்லிவிட்டு, பார்த்தவர்கள் தகவல் சொல்லுங்கள் என்று முடித்தார். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை.

படக்காரர்கள் போய்விட்டார்கள். கூரை படத்தால் வரவில்லை. அண்ணாச்சி ஊர் வியாபாரிகளிடம் சண்டை போட்டுத் தகரம் வாங்கி வந்து போட்டார். மழை பெய்தது, நின்றது, கோடையும் வந்தது.

அடுத்த வருடம் அந்தப் படத்தின் பிரதி ஒன்று நர்ஸுக்கு வந்தது. எங்கள் பள்ளி மண்டபத்தில் ஒரு சாயங்காலம் போட்டுக் காட்ட ஏற்பாடு செய்தார்கள். ஊர்ப் பெரிய மனிதர்கள் நாற்காலிகளிலும், கிட்டங்கிக் குடும்பங்கள் முன்னால் தரையிலும் உட்கார்ந்தார்கள். நான் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் புதுச் சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தார். தன் கணவரின் பெயர் எத்தனையோ நாடுகளில் கேட்டிருக்கும் என்று நம்பிக்கொண்டிருந்தார்.

அவர் முகம் திரையில் வந்தது. அந்தப் பெரிய பொட்டு கறுப்பு வெள்ளையிலும் பளிச்சென்று தெரிந்தது. உதடுகள் அசைந்தன. ஆனால் அவர் குரலை அமுக்கிவிட்டு, அதற்கு மேல் ஒரு ஆண் குரல் கனமான ஆங்கிலத்தில் பேசியது. இந்த இளம் விதவை எல்லாவற்றையும் இழந்துவிட்டாள், இவளுக்கு இப்போது இருப்பது நம் தொண்டர்களின் அன்பு மட்டுமே என்றது. உடனே அந்தப் பால் தம்ளர் வந்தது.

அக்கா என் கையைப் பிடித்தார். "அவரு பேரச் சொல்றாரா டீச்சர்?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. சந்தோஷமாகத் திரும்பிப் போயிருப்பார், பெரிய மனிதர்களும் தேநீர் குடித்துவிட்டுக் கலைந்திருப்பார்கள். நான் எழுந்து நின்று படத்தை நிறுத்துங்கள் என்றேன். என் குரல் எனக்கே பயமாக இருந்தது. நாற்காலி வரிசையிலிருந்து யாரோ, "உக்காரும்மா" என்றார்கள். தலைமையாசிரியை என்னை எரித்துவிடுவது போலப் பார்த்தார். நான் உட்காரவில்லை. அந்த ஆங்கிலக்காரர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் தமிழில் சொன்னேன், விதவை என்ற வார்த்தையையும் சேர்த்து. இது பொய், அந்த இடத்தை மறுபடி போடுங்கள், சத்தம் இல்லாமல் போடுங்கள் என்றேன்.

ஆபரேட்டர் தயங்கினார். நர்ஸ் பெண் விடுவிடுவென்று போய், ஒலி வரும் குமிழைத் தானே திருகி அடைத்தாள். அவள் முகம் அழுது சிவந்திருந்தது. பின்னாலிருந்து அண்ணாச்சி, "டீச்சர் சொல்லுதபடி போடுங்கடே" என்று சத்தம் கொடுத்தார்.

சத்தமில்லாமல் அதே முகம் மீண்டும் வந்தது. அக்கா எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய் நின்றார். தன் உதடுகள் திரையில் அசைய அசைய, அதற்குச் சரியாகத் தானே பேசினார். பெயர், தெரு, புருவத் தழும்பு, சட்டை நிறம். ஒன்றையும் மறக்கவில்லை. படம் அடுத்த காட்சிக்குப் போன பிறகும் அவர் நிறுத்தவில்லை. நான் விதவை இல்லை, அப்படி யாரும் என்னைச் சொல்லக் கூடாது என்று கடைசியாகச் சொல்லிவிட்டுத்தான் வந்து உட்கார்ந்தார்.

விளக்கு போட்டதும் கதவோரம் நின்றுகொண்டிருந்த ஒருவர் முன்னால் வந்தார். கொழும்புக்குப் போகும் தோணி ஒன்றின் தண்டல், அதாவது தோணியை நடத்திப் போகிறவர்.

"தங்கச்சி, அந்தத் தெரு எனக்குத் தெரியும். அடுத்த நடைக்குப் போவும்போது விசாரிச்சிட்டு வாரேன்."

எந்த நாட்டுக்கும் எட்டாத அந்தக் குரல், எங்கள் ஊரிலேயே ஒருவர் காதில் விழுந்தது. அவர் சொன்னபடியே விசாரித்து வந்தார். கடை எரிந்து கிடந்தது. புருவத் தழும்புக்காரரைக் கலவரத்துக்குச் சில நாள் கழித்து வடக்கே தமிழர்கள் இருக்கும் வவுனியாப் பக்கம் போகிற லாரி ஒன்றில் பார்த்ததாகப் பக்கத்துக் கடைக்காரர் சொன்னாராம். அதற்கு மேல் தெரியவில்லை. அக்காவுக்கு அது போதுமானதாக இருந்தது. லாரியில் ஏறியவர் இறங்கியும் இருப்பார் டீச்சர் என்றார். கொஞ்ச நாளில் ஒரு நூற்பாலையில் வேலை கிடைத்து, பிள்ளைகளோடு வெளியூர் போய்விட்டார். கணவர் வந்து சேர்ந்தாரா என்று எனக்குத் தெரியாது.

எனக்குப் பள்ளியில் விளக்கம் கேட்டார்கள், கொடுத்தேன், மன்னிப்பு கேட்கச் சொன்னார்கள், கேட்கவில்லை. அதன் பிறகு மொழிபெயர்க்க என்னை யாரும் கூப்பிட்டதில்லை. போகட்டும். இப்போதும் தொலைக்காட்சியில் எங்கோ ஒரு அகதிப் பெண் பேச ஆரம்பித்து, அவள் வாய் அசையும்போதே வேறொருவர் குரல் அவளை மூடிவிட்டால், எனக்கு அன்றைக்கு வந்த அதே கோபம் வருகிறது. இந்த வயதில் அது நல்லதில்லை என்று மருத்துவர் சொல்கிறார், ஆனால் அந்தக் கோபம் மட்டும் எனக்குக் குணமாக வேண்டாம்.