அண்ணியின் டிவியும் என் மல்டிமீட்டரும்

என் மல்டிமீட்டரின் அடிப்பக்கத்தில் மூன்று துளைகள் இருக்கின்றன. கறுப்பு ஒயருக்கு ஒன்று நிரந்தரம். சிவப்பு ஒயரை வோல்ட் அளக்க ஒரு துளையிலும், ஆம்பியர் அளக்க இன்னொன்றிலும் செருக வேண்டும். ஆம்பியர் துளையில் செருகியபடியே வோல்ட் பார்க்கப் போனால் போர்டைச் சுட்டுவிடும். பாலிடெக்னிக்கில் முதல் வாரமே இதைச் சொல்லித் தந்தார்கள். அந்தப் பாடத்தில் வகுப்பிலேயே அதிக மதிப்பெண் எனக்குத்தான்.

அண்ணி அரூர்ப் பக்கத்திலிருந்து பாப்பாரப்பட்டிக்கு மருமகளாக வந்தபோது சீரோடு ஒரு டிவி வந்தது. ஆட்டம் பட்டுவிடக் கூடாதென்று அவருடைய அப்பா வழி நெடுக அதை வேனில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். பொங்கலுக்கு வீட்டைச் சுத்தம் செய்தபோது அண்ணி அதை ஈரத்துணியால் துடைத்தார். சில நாள் கழித்துப் படம் விட்டுவிட்டு வர ஆரம்பித்தது. அண்ணன் மெக்கானிக்கைக் கூப்பிடப் போனான். டிப்ளமோ படிக்கிறவள் வீட்டில் இருக்கும்போது மெக்கானிக் எதற்கு என்று நான்தான் குதித்தேன்.

கூடத்தில் பாய் விரித்து, டிவியைக் குப்புறக் கிடத்திப் பின்மூடியைக் கழற்றினேன். அம்மாவும் அண்ணனும் வாய் பார்த்து நின்றார்கள். அண்ணி டார்ச் அடித்தார். சுவிட்சைப் போட்டு, போர்டில் பன்னிரண்டு வோல்ட் வருகிறதா என்று மீட்டரின் முனைகளை வைத்தேன். பட்டென்று ஒரு பொறி, பிறகு கருகிய வாசனை. மீட்டரைப் பார்த்தேன். முந்தின நாள் புராஜெக்ட்டுக்கு ஆம்பியர் அளந்த துளையிலேயே சிவப்பு ஒயர் இருந்தது.

"என்னாடி ஆச்சு?" என்றார் அம்மா.

உள்ளங்கையால் மறைத்து ஒயரைப் பிடுங்கினேன். "தண்ணி பூந்துருக்குதும்மா. ஈரத்துணியில தொடச்சா போர்டு என்னாத்துக்கு ஆவும்?"

அம்மா அண்ணியின் பக்கம் திரும்பினார். "உங்கப்பன் மடியில வச்சுக் கொண்டாந்ததை இப்பிடிப் பண்ணிட்டியே! உன் கை பட்டா எதுதான் உருப்படும்?"

"தெரியாம தொடச்சிட்டேங்க அத்தை" என்றார் அண்ணி. டார்ச்சை இன்னும் எனக்காகப் பிடித்துக்கொண்டிருந்தார்.

டிவி அதன்பின் ஓடவே இல்லை. அன்றிலிருந்து அண்ணி கைராசி இல்லாதவர் ஆனார். மிக்ஸியோ ஃபேனோ, எந்த சுவிட்சைத் தொடுவதானாலும் விரலில் முந்தானையைச் சுற்றிக்கொள்வார். வீட்டில் எல்லோரும் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன் என்று எழுதத்தான் கை கூசுகிறது. உண்மையைச் சொல்லியிருந்தால் எனக்கு என்ன ஆகியிருக்கும்? செல்ல மகளுக்கு இரண்டு நாள் திட்டு விழுந்திருக்கும், அவ்வளவுதான். அந்த இரண்டு நாளைக்குப் பயந்து, வந்து ஆறு மாதம்கூட ஆகாத ஒரு பெண்ணின் தலையில் பழியைத் தூக்கி வைத்தேன்.

அதெல்லாம் நடந்து பல வருடம் ஆகிவிட்டது; நானும் கல்யாணமாகித் தருமபுரியில் இருக்கிறேன். போன மாதம் இங்கே ஒரு கல்யாணத்துக்கு வந்த அண்ணி எங்கள் வீட்டில் தங்கினார். அன்று பார்த்து வாஷிங் மிஷின் நின்றுபோனது. போர்டைக் கழற்றி மேசையில் வைத்து மல்டிமீட்டரை எடுத்தேன். கேட்காமலேயே அண்ணி வந்து டார்ச் அடித்தார். ஒவ்வோர் இணைப்பாக முனைகளை வைத்துக்கொண்டே போனேன்; இணைப்பு சரியாக இருந்தால் மீட்டர் பீப் அடிக்கும். ஓர் இடத்தில் மட்டும் பீப் வரவில்லை, ஈயத்தால் பற்றவைத்த சாலிடர் விட்டிருந்தது. பற்றவைத்து, போர்டைத் திரும்ப மாட்டினேன்.

"அண்ணி, சுவிட்சைப் போடுங்க."

"ஐயோ, நான் வேணாம் பாப்பா. என் கை பட்டு இதுவும் போயிடப் போவுது."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "உங்க டிவியைச் சுட்டது நான்தான் அண்ணி. தண்ணியும் இல்லை, உங்க கையும் இல்லை. இந்தச் செவப்பு ஒயரை மாத்திச் சொருவியிருந்தேன். தெரிஞ்சேதான் உங்க மேல சொன்னேன்."

அண்ணி கையிலிருந்த டார்ச்சை அணைத்து மேசையில் வைத்தார்.

"எங்கப்பா சாவற வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தாரு, டிவி நல்லா ஓடுதாம்மான்னு. ஓடுதுப்பான்னே சொல்லிக்கிட்டிருந்தேன்."

மீட்டரில் சிவப்பு ஒயர் சரியான துளையில்தான் இருந்தது. அண்ணி எழுந்து சுவிட்சுக்குப் போனார். விரலில் முந்தானையைச் சுற்றிக்கொண்டு அழுத்தினார்.