வி வேறு, நியூ வேறு

2007-இல் அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு டி.டி.பி. சென்டரில் ஆபரேட்டராக இருந்தேன். கல்யாணப் பத்திரிகை, பிட் நோட்டீஸ்தான் வழக்கமான வேலை. ஒருநாள் காலையில் கடை திறந்ததுமே செலின் மேடம் வந்தார். வரதராஜன்பேட்டைக்காரர், கல்லூரியில் இயற்பியல் நடத்துபவர். அவருடைய பிஎச்.டி. தீசிஸை டைப் செய்தது நான்தான். அன்று சாயங்காலம் ஐந்து மணிக்குள் திருச்சிப் பல்கலைக்கழகத்தில் அதைக் கொடுக்காவிட்டால் அவருடைய பதிவே ரத்து.

"தம்பி, இதுல 'வி' எல்லாம் எங்க போச்சு?"

எனக்குப் பெருமை. "சில இடத்துல வி மாதிரி விழுந்திருந்துச்சுங்க மேடம். ஒவ்வொண்ணா தேடி நியூவா மாத்திட்டேன்."

நியூ என்பது கிரேக்க எழுத்து. பார்வைக்கு ஆங்கில வி போலவே இருக்கும். தீசிஸ் நியூட்ரினோ என்ற துகளைப் பற்றியது, அதனால் எல்லாமே நியூவாகத்தான் இருக்கும் என்று நானே முடிவு கட்டியிருந்தேன்.

மேடம் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "நியூங்கிறது துகளோட பேரு தம்பி. வி ஒரு அளவு. கிலோவையும் அரிசியையும் ஒரே எழுத்துல எழுதின மாதிரி ஆயிடுச்சு."

கடை முதலாளியும் என்னைச் சும்மா விடவில்லை. "பிளஸ் டூவே ரெண்டு தடவ எழுதுனவன். நீ பிஎச்டியைத் திருத்துறியாடா?"

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. "யாருங்க மேடம் இத உத்துப் பாக்கப் போறாங்க? அப்படியே குடுத்துடுங்களேன்."

அவர் கோபப்படவில்லை. பேப்பரில் ஒரு வட்டம் போட்டார். "நியூட்ரினோவுக்கு எடை ரொம்ப ரொம்பக் கம்மி. ஏன்னு தெரியல. அண்டத்துல கண்ணுக்குத் தெரியாத இருண்ட பொருள் நெறய இருக்கு. அது என்னன்னும் தெரியல. ரெண்டுக்கும் ஒரே பதில் இருக்கலாம். இந்த வட்டத்துல இருண்ட துகள் சுத்தி வந்தாத்தான் நியூட்ரினோவுக்கு எடை வருது. அத எடுத்துட்டா எடை சைபர். என் கணக்கு தப்பாக்கூட இருக்கலாம் தம்பி. ஆனா எந்த வரியில தப்புன்னு படிக்கிறவங்க கை வச்சுக் காட்ட முடியணும். எழுத்து கலந்துட்டா அதுவும் முடியாது."

தன் தப்பைப் பிறர் பிடிக்க வேண்டும் என்பதற்காக இவ்வளவு கவலைப்பட்டவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

பன்னிரண்டு மணி பஸ்ஸை விட்டால் முடியாது. மேடம் எனக்கு வழி சொன்னார்: எழுத்துக்கு மேலே சின்னதாக 2 என்ற எண் இருந்தால் வி, கீழே சின்ன எழுத்து இருந்தால் நியூ, இரண்டும் இல்லையென்றால் கேட்க வேண்டும். அவர் தாளில் சிவப்புப் பேனாவால் குறிக்க, நான் ஸ்கிரீனில் மாற்றிக்கொண்டே வந்தேன். ஒரே ஓர் இடத்தில் மட்டும் நின்றேன்.

"மேடம், இதுக்கு மேலயும் இல்ல, கீழயும் இல்ல. பக்கத்துல இருநூத்தி நாப்பத்தாறுன்னு இருக்குங்க."

அவர் சிரித்தேவிட்டார். "அது வி. நியூட்ரினோவுக்கு அவ்ளோ கனம் இருந்தா நான் எதுக்குங்க இத்தன வருஷம் மண்டய ஒடைக்கிறேன்?"

பிரிண்ட் சூடு ஆறுவதற்குள் அள்ளிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார். நாலரை மணிக்குக் கடைக்கு போன் வந்தது. "வாங்கிக்கிட்டாங்க தம்பி."

இதைப் படிக்கும் பிள்ளைகளே, புரியாத இடத்தில் கேளுங்கள். புரிந்துவிட்டது என்று தோன்றும் இடத்தில் கட்டாயம் கேளுங்கள். அந்த இருண்ட துகளை இன்னும் யாரும் பிடிக்கவில்லையாம். மேடத்தின் கணக்கு சரியா என்று சொல்ல எனக்குப் படிப்பு போதாது. ஆனால் அதில் தப்பு இருந்தால், அது டைப்பிங்கில் இருக்காது.