எதிர்க்கட்சி வக்கீலுக்கும் நல்லதம்பியே பீஸ் கட்டிய கதை

ஆலங்குடியில் கடலை வியாபாரம் செய்த நல்லதம்பி கெட்டவர் அல்ல. கை மட்டும் கொஞ்சம் இறுக்கம். மகள் பொன்னுத்தாய்க்குப் பொங்கலுக்குக் கவுன் எடுக்க ஐந்து ரூபாயா என்று அவர் மூன்று நாள் வாதாடியதில், நாலாம் நாள் மனைவி செவந்தி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கீரனூரில் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். தானாக வரட்டும் என்று இரண்டு வருஷம் இருந்து பார்த்தார். வரவில்லை. 1961-ல் புதுக்கோட்டைக் கோர்ட்டில் மனுப் போட்டார்: விட்டுப் போனவளைச் சட்டப்படி பிரித்துவிட வேண்டும், மகளைத் தன்னிடம் தர வேண்டும்.

முதலில் வந்த உத்தரவே அவருக்குப் பாதகம். செவந்திக்கு வருமானம் இல்லை. ஆகவே அவளுடைய வழக்குச் செலவுக்குப் புருஷன் நூற்றைம்பது ரூபாய் கட்ட வேண்டும்.

"எனக்கு எதிரா பேசுறவருக்கு நான் பீஸ் குடுக்கணுமா?" என்று தன் வக்கீல் ஆத்மநாதனிடம் கேட்டார்.

"சட்டம் அப்படித்தான் இருக்கு. கட்டிருங்க."

கட்டினார். அடுத்த வாய்தாவில் செவந்தியின் வக்கீல் முகம்மது கனி எழுந்து, இன்னொரு தேதி வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நல்லதம்பிக்கு வயிறு எரிந்தது. கோர்ட் வாசல் டீக்கடையில் அவரை மறித்தார்.

"வக்கீலய்யா, நூத்தம்பது ரூவா வாங்கிட்டு ஒரு வார்த்த பேசலியே?"

"நான் ஒங்க சம்சாரத்துக்கு வக்கீலுங்க."

"காசு எம்மடிக் காசுல்ல? நல்லா கேள்வி கேக்க வேணாமா?"

கனி டீயை வைத்துவிட்டு அவரை ஒரு கணம் பார்த்தார். "சரிங்க. கேக்குறேன்."

அடுத்த மாதம் நல்லதம்பி கூண்டில் ஏறினார். கனி குரலை உயர்த்தவே இல்லை.

"ஆலங்குடியிலேருந்து கீரனூருக்கு பஸ் சார்ஜ் என்ன?"

"புதுக்கோட்டைக்கு நாப்பது பைசா, அங்கேருந்து அறுவது. போக ஒரு ரூவா, வர ஒரு ரூவா."

"ரெண்டு வருசத்துல எத்தன தடவ மகளப் பாக்கப் போனீங்க?"

கோர்ட்டில் சிரிப்புக் கிளம்பியது. நல்லதம்பி சிரிக்கவில்லை. "போகல" என்று சொன்னபோது அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை.

"மக இப்ப எத்தனாங் கிளாஸ்?"

தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் சேர்த்ததே அவருக்குத் தெரியாது.

மனு தள்ளுபடியானது. பிள்ளை தாயிடமே இருக்கட்டும், தகப்பன் ஞாயிற்றுக்கிழமைகளில் பார்க்கலாம் என்றார் ஜட்ஜ். ஆத்மநாதன் தோளைத் தட்டி ஆறுதல் சொல்ல வந்தார். நல்லதம்பியோ, "என்னமா கேட்டாரு பாத்தீங்களா! குடுத்த காசுக்குக் கொறையில்ல" என்றார். ஆத்மநாதனின் முகம் சுருங்கிப்போனது.

அந்த ஞாயிற்றுக்கிழமையே கீரனூருக்கு பஸ் ஏறினார். பொன்னுத்தாய் முதலில் அம்மாவின் பின்னால் ஒளிந்தாள். பிறகு ஒண்ணாங் கிளாஸ் பாட்டு முழுவதையும் பாடிக் காட்டினாள். நாலாவது ஞாயிறன்று செவந்தி இலை போட்டுச் சோறு வைத்தாள்.

"பரீச்ச முடியட்டும், வாரேன்" என்றாள், ரசத்தை ஊற்றிக்கொண்டே.

நல்லதம்பி சந்தோஷத்தில் இலையை விட்டு நிமிர்ந்தார். "நீ வர்றது சரிதானான்னு ஒன் வக்கீலய்யாகிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கலாமா?" என்றார்.

"அதுக்குத் தனியா பீஸ் கேப்பாரு. பேசாம சாப்புடுங்க."