கரைக்காரர் வாங்கிய மானியம்

எங்கள் பக்கத்தில் அவரைக் கரைக்காரர் என்றுதான் சொல்வோம். கேலியாக வைத்த பெயர். அவருடைய அப்பா பாகம் பிரித்தபோது ஓடையை ஒட்டிய நிலத்தில் மேல்பாதி அண்ணனுக்கும் கீழ்ப்பாதி இவருக்கும் வந்தது. அண்ணன் அந்த வருடமே கரை மரங்களை வெட்டி விற்றுவிட்டுத் தண்ணீர் விளிம்புவரை உழுதார். இவரோ மரநிழல் தொடங்கும் இடத்திலேயே டிராக்டரைத் திருப்பிவிடுவார். நல்ல நிலத்தை ஓடைக்குத் தானம் கொடுத்த வள்ளல் என்று நாங்கள் சிரித்தோம். அண்ணன் எங்களைவிடச் சத்தமாகச் சிரித்தார்.

மழைக்காலத்தில் மட்டும் யாருக்கும் சிரிப்பு வராது. அண்ணன் வயலின் மேல்மண் வெள்ளத்தோடு போகும். இவர் வயலில் ஒரு கூடை மண்கூட நகராது.

அப்புறம்தான் அரசாங்கத்துக்குக் கரைமேல் பாசம் பொங்கியது. ஓடையோரத்தில் உழவை நிறுத்தி மரம் வைப்பவர்களுக்கு வருடா வருடம் மானியம் என்றார்கள். அண்ணன் முதல் ஆளாகப் போய் நின்றார். பணம் வந்தது, வீட்டுக்குப் புதுக் கூரை வந்தது, ‘இயற்கையைக் காக்கும் உழவர்’ என்று அவர் பெயர் எழுதிய பலகையும் வந்தது. அந்தப் பலகையைத் தாண்டித்தான் கரைக்காரர் தினமும் தன் வயலுக்குப் போக வேண்டும்.

அவரும் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வேளாண்மை அலுவலகத்துக்குப் போனார். அங்கிருந்த அதிகாரி நல்ல மனிதர், அதுதான் கொடுமை. நாற்காலி போட்டு உட்காரவைத்தார், வரைபடத்தை விரித்துப் பார்த்தார், உண்மையாகவே வருத்தப்பட்டார்.

“உங்க கரையில ஏற்கெனவே மரம் இருக்குதுங்களே. இருக்கிறதுக்கு மானியம் கிடையாதுங்க. வெறுங்கரையா இருந்து, புதுசா வெச்சாத்தான் குடுக்க முடியும்.”

வீட்டுக்கு வந்தவர் சாப்பாட்டில் கை வைக்கவில்லை. அழித்தவனுக்குக் கூலி கொடுக்கிறார்கள், காத்தவனுக்குக் கையை விரிக்கிறார்கள் என்று புலம்பினார். என்ன ஆனாலும் மரத்தைத் தொடாதீர்கள், அது போனால் வயல் போய்விடும் என்று மனைவி ஒரே பேச்சாகச் சொன்னார்.

“முப்பது வருஷம் ஒழுங்கா இருந்து என்னத்தக் கண்டேன்?”

மனைவி சோற்றுத் தட்டை மூடிவைத்தார். அந்த மனிதரை அப்படிக் கேட்கவைத்தவர்களை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

மறுவாரம் மரங்கள் விழுந்தன. அடிக்கட்டை கண்ணில் பட்டால் வெறுங்கரை என்று ஒத்துக்கொள்ள மாட்டார்களோ என்று பயந்து, இயந்திரத்தைக் கொண்டுவந்து வேரோடு பறித்தார். அண்ணன்கூடச் செய்யாத வேலை அது. பிறகு விளிம்புவரை உழுது, அடுத்த வருடம் மனுக் கொடுத்தார். அதிகாரி வந்து பார்த்தார். விதிப்படி எல்லாம் சரியாக இருந்தது.

மானியம் வந்தது. நாற்றுப்பண்ணையிலிருந்து வண்டி நிறையக் கன்றுகளும் வந்தன. வெட்டிப்போட்ட அதே மரத்தின் கன்றுகள், விரல் கனத்தில். அவர் குழி தோண்டி நட்டார். அவர் பெயரிலும் ஒரு பலகையைச் சாலையோரம் நட்டார்கள்.

அந்த மழைக்கே ஓடை பெருகியது. பிடித்து நிறுத்த வேரில்லாத கரை பொலபொலவென்று சரிந்தது. கன்றுகள் போயின, பின்னாலேயே வயலில் பாதி போயிற்று. சாலையோரம் இருந்ததால் பலகைக்கு ஒன்றும் ஆகவில்லை.

அதிகாரி வீடு தேடி வந்து ஆறுதல் சொன்னார். வெள்ளம் அரித்த நிலத்துக்கென்று தனித் திட்டம் இருக்கிறதாம். மானியம் இதைவிட அதிகமாம். அவர் நீட்டிய தாளை மடியில் வைத்துக்கொண்டு கரைக்காரர் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மனைவி உள்ளே போய்ப் பேனாவை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தார்.

“போட்டுக் குடுங்க. இன்னும் வீடு மிச்சம் இருக்குல்ல.”

அவர் கையெழுத்துப் போட்டார்.